மிஞ்சிய மளிகைக் கூப்பன்களை யாரிடம் கொடுப்பது? அமெரிக்காவில் உள்ள வழிகள், ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடும் தபாலிலும் வரும் கூப்பன்களில் பாதிக்கு மேல் நமக்கு உதவாது. குழந்தை இல்லாத வீட்டுக்கு டயப்பர் கூப்பன் வரும், நாய் வளர்க்காத வீட்டுக்கு நாய்த்தீனி கூப்பன் வரும். இவற்றை வாங்கிக்கொள்ளும் இடங்கள் ஊருக்கு ஊர் உண்டு: ஃபுட் பேண்ட்ரி (வசதியற்ற குடும்பங்களுக்கு மளிகையை இலவசமாகத் தரும் இடம்), பெண்கள் காப்பகம், விலங்குக் காப்பகம், பொது நூலகத்தின் கூப்பன் பெட்டி, கடல் கடந்த ராணுவத் தளங்கள். எந்தக் கூப்பன் எங்கே போனால் உண்மையில் பயன்படும் என்று தெரியாமல் கொடுத்தால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். வெட்டாத தாள்களை ஒரு பையில் திணித்துக் கொண்டுபோய் வைப்பவர்கள், தன்னார்வலர்களின் ஒரு மாலைப் பொழுதைப் பறிக்கிறார்கள்.

முதலில் ஃபுட் பேண்ட்ரி. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், ஆனால் உணவுக் கூப்பனுக்கு இது அவ்வளவு நல்ல இடமில்லை. பேண்ட்ரிகள் தங்கள் சரக்கில் பெரும்பகுதியை, அவற்றுக்கு உணவு சேர்த்துத் தரும் கிடங்கான வட்டார உணவு வங்கியிலிருந்து எடுக்கின்றன. அங்கே கூப்பன் செல்லாது. ஆகவே அவர்களால் செய்ய முடிந்ததெல்லாம், வருகிற குடும்பங்களுக்குக் கூப்பனை எடுத்துக் கொடுப்பதுதான். அந்தக் குடும்பங்களின் கணக்கைப் பாருங்கள். ஒரு பிரபல நிறுவனத்தின் சீரியல் பெட்டி 4.99 டாலர் என்று வையுங்கள், 'இரண்டு வாங்கினால் ஒரு டாலர் தள்ளுபடி' என்று கூப்பன். கூப்பன் போக 8.98 ஆகிறது. அதே கடையின் சொந்தத் தயாரிப்பு 2.49 என்றால் இரண்டு பெட்டிக்கு 4.98தான். கையில் காசு இல்லாதவருக்கு இந்தக் கூப்பன் நாலு டாலர் கூடுதல் செலவு வைக்கிறது.

உணவல்லாத பொருட்களுக்கான கூப்பன் கதையே வேறு. அரசின் உணவு உதவியான ஸ்னாப் அட்டையில் சோப்பு, டிடர்ஜெண்ட், டயப்பர், சானிட்டரி நாப்கின், டாய்லெட் பேப்பர், பற்பசை எதையும் வாங்க முடியாது. மாதக் கடைசியில் இவற்றுக்குத்தான் கைக்காசு தேவைப்படும். ஒரே ஒரு டிடர்ஜெண்ட் பாட்டிலுக்கு 2 டாலர், ஒரு டயப்பர் பொட்டலத்துக்கு 3 டாலர் குறைக்கும் கூப்பனைப் பேண்ட்ரி மேசையில் வைத்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள். கொடுக்க ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த வகையைத்தான் சொல்வோம். உணவுக் கூப்பனாக இருந்தால் ஒற்றைப் பொருளுக்கு உரியதா, முழு இலவசமா என்று பாருங்கள், இரண்டில் ஒன்றாக இருந்தால் கொடுங்கள். ஸ்னாப் அட்டையோடு உற்பத்தியாளர் கூப்பனை (கடை தராமல், பொருளைத் தயாரிக்கும் நிறுவனமே தருவது) சேர்த்துப் பயன்படுத்தலாம். தள்ளுபடி போக மிச்சம்தான் அட்டையில் கழியும்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். புள்ளிக்கோட்டோடு முழுதாக வெட்டுங்கள். காலாவதித் தேதியோ பொடி எழுத்து நிபந்தனைகளோ வெட்டுப்பட்டுவிட்டால் கேஷியர் திருப்பிவிடுவார். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், பார்கோடில் துளை விழுந்தால் ஸ்கேன் ஆகாது. டயப்பர், சலவை, குளியல், உணவு என்று தனித்தனிக் கவர் போட்டு, உள்ளே இருப்பதில் முதலில் காலாவதியாகும் தேதியைக் கவரின் மேலேயே எழுதிவிடுங்கள். குறைந்தது நான்கு வாரமாவது மீதம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை திறக்கும் பேண்ட்ரியில் பத்து நாள் கெடு உள்ள கூப்பன் உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். பில்லோடு சேர்ந்து அச்சாகி வரும் 'அடுத்த முறை வாங்கும்போது 5 டாலர் கழிவு' போன்ற சீட்டுகள் பணத்துக்குச் சமம். ஆனால் கெடு குறைவு, அந்தக் கடையில் மட்டுமே செல்லும், எனவே அந்தக் கடை பக்கத்திலேயே உள்ள பேண்ட்ரிக்கு அன்றே கொடுப்பது நல்லது. இணையத்தில் அச்சிட்ட கூப்பனை நகலெடுத்துக் கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு அச்சுக்கும் தனி எண் உண்டு, நகல் என்றால் மோசடி. நீங்கள் செய்ததற்கு, அதைக் கடையில் நீட்டும் ஏழைத் தாய் தலைகுனிய நேரும்.

பெண்கள் காப்பகம்: மேலே சொன்ன டயப்பர், நாப்கின் கூப்பன்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடமில்லை. உடுத்திய துணியோடு வீட்டைவிட்டு வெளியேறி வருபவர்கள் அங்கே இருப்பார்கள். குடும்ப வன்முறைக் காப்பகங்கள் பலவற்றின் முகவரி ரகசியமாக வைக்கப்பட்டிருக்கும். தேடிப்பிடித்து நேரில் போகாமல், நிர்வாக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி எங்கே தரலாம் என்று கேளுங்கள். கூப்பனோடு, அது செல்லும் ஒரு கடையின் 10 டாலர் கிஃப்ட் கார்டு ஒன்றையும் கவரில் வைத்தால், மீதிப் பணத்துக்கு அவர்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

விலங்குக் காப்பகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல காப்பகங்கள் ஒரே நிறுவனத்தின் தீனியை ஒப்பந்தப்படி வாங்குகின்றன, தீனி தயாரிக்கும் ஹில்ஸ் நிறுவனத்துக்கு அப்படியொரு திட்டமே இருக்கிறது. வேறு தீனிக்கான கூப்பன் அவர்களுக்கு நேரடியாக உதவாது. வசதி குறைந்தவர்களின் செல்லப்பிராணிகளுக்குத் தீனி தரும் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு அங்கே கொடுங்கள். நூலகப் பெட்டி எளிது, யாரிடமும் கேட்க வேண்டாம். யார் எடுக்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை, காலாவதியானவற்றை அகற்ற ஆளும் இல்லை.

காலாவதியான கூப்பனையும் பயனாக்கும் வழி ஒன்று உண்டு. வெளிநாடுகளில் உள்ள அமெரிக்க ராணுவத் தளங்களின் மளிகைக் கடைகளான கமிசரிகள், உற்பத்தியாளர் கூப்பனைக் காலாவதித் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் வரை ஏற்கின்றன. அமெரிக்காவுக்குள் இருக்கும் கமிசரிகளில் இந்தச் சலுகை கிடையாது. ஜெர்மனியின் ராம்ஸ்டைன், ஜப்பானின் ஒகினாவா போன்ற இடங்களில் வாழும் படைவீரர் குடும்பங்கள் இதனால் பயனடைகின்றன. அங்கே தபாலில் அனுப்பும்போது, குறிப்பிட்ட ஒரு கடைக்கான கூப்பன், உணவகக் கூப்பன் இரண்டும் வேண்டாம். உணவு, உணவல்லாதவை என இரண்டாகப் பிரித்து, காலாவதி மாதவாரியாகக் கட்டுங்கள். தபால் போய், அங்கே பிரித்து அடுக்கவே சில வாரம் ஆகும் என்பதால், காலாவதியாகி இரண்டு மாதத்துக்கு மேல் போனவற்றை அனுப்பாதீர்கள்.

இந்தத் தளங்களின் ராணுவத் தபால் முகவரிகளான ஏபிஓ, எஃப்பிஓ முகவரிகளுக்கு உள்நாட்டுத் தபால் கட்டணமே போதும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: முகவரியில் 'ஜெர்மனி' என்றோ ஊர்ப் பெயரோ எழுதினால் பொட்டலம் வெளிநாட்டுத் தபாலில் சேர்ந்துவிடக்கூடும். ஊருக்குப் பதில் ஏபிஓ அல்லது எஃப்பிஓ, மாநிலத்துக்குப் பதில் ஐரோப்பா என்றால் ஏஇ, பசிபிக் என்றால் ஏபி, பிறகு ஜிப் எண், அவ்வளவுதான். கனமான பொட்டலத்துக்குச் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். காலாவதியானவற்றை வீணாக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் உள்ளூர்த் தேவைக்கு உதவுவதாக இதை எண்ணிக்கொண்டு, கெடு மிச்சமுள்ள டயப்பர் கூப்பனையும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்.

இன்று கூப்பன்களில் பெரும்பங்கு கைப்பேசிச் செயலிகளுக்குள் போய்விட்டது. உங்கள் கணக்கோடு கட்டுண்ட அவற்றைக் கொடுக்க வழியில்லை. அச்சுக் கூப்பன்களிலும் பலவற்றில் 'பிறருக்கு மாற்றினால் செல்லாது' என்ற வாசகம் இருக்கும். இரண்டுக்கும் ஐயமற்ற வழி, நீங்களே பயன்படுத்திப் பொருளை வாங்கிக் கொடுப்பது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' கூப்பனில் ஒன்று உங்களுக்கு, மற்றது பேண்ட்ரிக்கு. கடை தள்ளுபடி போட்டிருக்கும் வாரத்தில் உற்பத்தியாளர் கூப்பனையும் சேர்த்தால் பற்பசை, ஷாம்பு போன்றவை மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். பிரித்த பொட்டலத்தைப் பேண்ட்ரி வாங்காது. குழந்தைகளுக்கான பால்மாவு என்றால் தேதியைக் கண்டிப்பாகப் பாருங்கள், தேதி கடந்ததை எந்த இடமும் ஏற்கக் கூடாது. ஒரே பொருளில் இருபது வாங்கும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: எந்த நாளில் ஏற்கிறார்கள், எந்த அளவு டயப்பர் தீர்ந்துவிட்டது என்று. பெரிய அளவான 5, 6 எண் டயப்பர் எப்போதும் பற்றாக்குறை என்பார்கள். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கான அளவைத்தான் எல்லோரும் ஆசையாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.