டிபிடிகேவுக்கு எந்தக் கர்னல் டிரைவர்? பல வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பினாங்கு பயான் லெப்பாஸில் உள்ள எங்கள் லேபில் சர்வர்களுக்கு ஒரே வேலை: வரும் பாக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் பிடித்து ஆராய்வது. 10 ஜிகாபிட் லைனில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் வினாடிக்கு 1.488 கோடி. ஒவ்வொன்றுக்கும் 67 நானோ வினாடிதான் கிடைக்கும். கர்னலின் வழக்கமான பாதையில் ஒரு கோர் இதைத் தாங்காது. அதனால் டிபிடிகே: கர்னலைத் தாண்டி, நெட்வொர்க் கார்டை யூசர்ஸ்பேஸ் நிரலே (கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்) நேரடியாக ஓட்ட உதவும் நூலகத் தொகுப்பு. பெரும்பாலான கார்டுகளை அப்படி நிரலிடம் ஒப்படைக்க ஒரு சிறு கர்னல் டிரைவர் வேண்டும்.

ஆரம்பத்தில் யுஐஓ வகை டிரைவரான ஐஜிபி_யுஐஓ. ஏற்றினால் உடனே ஓடும். ஆனால் கர்னலோடு வராத மாட்யூல் என்பதால் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் மறுபடி கம்பைல் செய்யணும், செக்யூர் பூட் இருந்தால் கையெழுத்தும் போடணும். 2020-இல் 20.11 பதிப்போடு டிபிடிகேயே அதைத் தனிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டது. இன்னொரு யுஐஓ டிரைவரான யுஐஓ_பிசிஐ_ஜெனரிக் கர்னலிலேயே இருக்கிறது. பழைய வகை இன்டரப்ட் மட்டுமே தெரியும் என்பதால் எஸ்ஆர்-ஐஓவி விஎஃப்களுக்கு (ஒரே கார்டைப் பிரித்துக் காட்டும் மெய்நிகர் கார்டுகள்) உதவாது.

இவை எல்லாம் சில்லறைத் தொல்லை. யுஐஓவை நான் கைவிட்டதற்குக் காரணம் வேறு: கார்டுக்கு எந்த முகவரியைக் கொடுத்தாலும் அது அங்கே எழுதும், தடுக்க ஆள் இல்லை.

2012-இல் லினக்ஸ் 3.6-உடன் வந்த விஎஃப்ஐஓ டிரைவர், கார்டு எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருளான ஐஓஎம்எம்யூவை நடுவில் நிறுத்துகிறது. நாம் பதிவு செய்த மெமரியைத் தவிர வேறெதையும் கார்டு தொட முடியாது. இதன் அருமை ஒரு மாலை நேரில் தெரிந்தது. குழுவில் இருக்கும் தம்பி வந்து, “அண்ணே, பாக்கெட் ஒன்னுகூட வரல, ஆனா மெஷின் நல்லாத்தான் ஓடுது” என்றார். கர்னல் லாக்கைத் திறந்தால் டிஎம்ஏஆர் ஃபால்ட் (ஐஓஎம்எம்யூ தடுத்ததற்கான பதிவு), எந்தக் கார்டு, எந்த முகவரி என்பது உட்பட. டிபிடிகேவுக்கு வெளியிலிருந்து எடுத்த பஃபரை டிஎம்ஏவுக்கு (கார்டு மெமரியை நேரடியாகத் தொடுவது) பதிவு செய்யாமல் கார்டிடம் கொடுத்திருந்தது நிரல். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. யுஐஓவில் இப்படித் தவறான முகவரி போயிருந்தால் யாருடைய மெமரியோ கெட்டு, காரணமே தெரியாமல் நாள்கணக்கில் தேடியிருப்போம்.

விஎஃப்ஐஓவிலும் சிரமம் உண்டு. பயாஸில் விடி-டி (இன்டெலின் ஐஓஎம்எம்யூ) ஆன் ஆகியிருக்க வேண்டும், கர்னல் பூட் வரியிலும் அதை ஆன் செய்யும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். ரூட் இல்லாமல் ஓட்ட மெம்லாக் வரம்பை (நிரல் பூட்டி வைக்கக்கூடிய மெமரி அளவு) உயர்த்த வேண்டும். அதிகம் படுத்துவது ஐஓஎம்எம்யூ குரூப், அதாவது ஐஓஎம்எம்யூவால் தனித்தனியாகப் பிரிக்க முடியாத சாதனங்களின் தொகுதி: ஒரே குரூப்பில் உள்ள சாதனங்கள் எல்லாவற்றையும் கர்னல் டிரைவரிடமிருந்து விடுவித்தாக வேண்டும். எங்கள் மதர்போர்டு ஒன்றில் நெட்வொர்க் கார்டும் டிஸ்க் கன்ட்ரோலரும் ஒரே குரூப்பில் இருந்தன. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிய பிறகே வேலை நடந்தது. வேகம் குறையுமோ என்று பயந்தேன். 1 ஜிபி ஹியூஜ்பேஜ் (பெரிய மெமரிப் பக்கம்) வைத்தால் எங்கள் அளவீட்டில் வித்தியாசம் தெரியவில்லை. ஐஓஎம்எம்யூ இல்லாத விஎம்களுக்கென்று (மெய்நிகர் இயந்திரங்கள்) ‘நோ-ஐஓஎம்எம்யூ’ மோடு இருக்கிறது. அதில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. லேபைத் தாண்டி அதை வெளியே விடாதீர்கள்.

இன்னொன்று: விஎஃப்ஐஓவுக்குப் போன போர்ட் ஐபி கட்டளைக்கும், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்புக்கும் தெரியாது. கண்காணிப்பு ஸ்கிரிப்டுகளை மாற்றி எழுத வேண்டும். அது வேண்டாம் என்பவர்களுக்கு மெல்லனாக்ஸின் எம்எல்எக்ஸ்5 டிரைவரில் ஓடும் கார்டுகள் பிடிக்கும். கர்னல் டிரைவர் அப்படியே இருக்க, டிபிடிகேயும் கூடவே ஓடும், கார்டின் அமைப்புகளைப் பார்க்கும் எத்டூலும் வேலை செய்யும். 2018-இல் வந்த, லினக்ஸின் வேகமான சாக்கெட் வகையான ஏஎஃப்_எக்ஸ்டிபியும் கார்டைக் கர்னலிடமே விட்டுவைக்கும். ஆனால் ஜீரோ-காப்பிக்கு (பாக்கெட்டை நகலெடுக்காமல் நேரே நிரலுக்குத் தருவது) கார்டின் டிரைவர் இடம் கொடுக்க வேண்டும்.

இப்போது புது சர்வர் வாங்கும் முன், மாதிரி மெஷினில் ஐஓஎம்எம்யூ குரூப் பட்டியலை எடுத்துக் காட்டச் சொல்லித்தான் ஆர்டரே போடுகிறோம்.