டூ தி ரைட் திங் (1989): நல்ல மனுஷன் வாயிலேர்ந்து வர்ற அந்த வார்த்தை

ஸ்பைக் லீயோட இந்தப் படத்த நேத்து மூணாவது தடவை பார்த்தேன், இந்தத் தடவையும் தூக்கம் போச்சு. நியூயார்க் புரூக்ளின்ல பெட்-ஸ்டை ஏரியா, ஒரே தெரு, ஒரே நாள், வெயில்னா அப்படி ஒரு வெயில். கறுப்பர்கள் வாழுற அந்தத் தெருவுல இத்தாலிக்காரர் சால் பல வருஷமா பீட்சா கடை வச்சிருக்காரு. சுவத்துல மாட்டியிருக்குற போட்டோ பூரா இத்தாலிய அமெரிக்கர்கள், காசு குடுத்து சாப்பிடுறது நாங்க, எங்காளு ஒருத்தர் படம்கூட ஏன் இல்லன்னு அந்தத் தெருப் பையன் பக்கின் அவுட் கேக்குறான். அவ்ளோதான் ஆரம்பம், ராத்திரிக்குள்ள ஒரு உயிர் போயிடுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சீன் சண்டையே இல்ல. சாலோட பையன் பீனோவுக்கு கறுப்பர்கள்னாலே ஆகாது. சால் கடையில பீட்சா டெலிவரி பண்ற கறுப்பின இளைஞன் மூக்கி அவன்கிட்ட உனக்குப் பிடிச்ச பாஸ்கெட்பால் பிளேயர் யாருன்னு கேக்குறான், மேஜிக் ஜான்சன்ங்குறான், நடிகர்னா எடி மர்ஃபி. எல்லாரும் கறுப்பர்கள்தானடான்னா, இல்ல அவங்க வேற, அவங்க உண்மையில கறுப்பர்களே இல்லன்னு திணறுறான் பாருங்க, பீனோவா நடிச்ச ஜான் டர்டுரோ மூஞ்சில அந்தக் குழப்பம் அப்படியே தெரியும். வெறுக்குறவன் மனசு எப்படி வேலை செய்யுதுன்னு இத விட தெளிவா நான் எந்தப் படத்துலயும் பார்த்ததில்ல.

சால் கெட்டவரே கிடையாது, இந்தப் பசங்க என் சாப்பாட்டுல வளந்தவங்கன்னு பெருமைப்படுற ஆளு. ஆனா கோவம் தலைக்கேறுனதும் கறுப்பர்கள இழிவா சொல்ற அந்தக் கேவலமான வார்த்தை தானா வருது, எப்பவும் பெரிய ரேடியோவ அலறவிட்டுட்டு சுத்துற கறுப்பின இளைஞன் ரஹீமோட அந்த ரேடியோவ பேஸ்பால் மட்டையால நொறுக்குறாரு, அதுவரை அலறிட்டிருந்த பாட்டு நின்னு ஒரு அமைதி வருமே, வயித்தப் பிசையும். அப்புறம் போலீஸ் லத்திய வச்சு ரஹீம் கழுத்த நெரிக்குது, தரையத் தொடாம துடிக்கிற அவன் ஷூவ மட்டும் காட்டுறாங்க. 2014ல எரிக் கார்னர்ங்குற கறுப்பர் இதே நியூயார்க்ல போலீஸ் கழுத்த நெரிச்சதுல செத்தாரு, அந்தச் செய்திய படிச்சப்ப எனக்கு இந்த ஷூதான் ஞாபகம் வந்துச்சு. ரஹீம் செத்ததும் மூக்கி சால் கடை கண்ணாடிய உடைக்கிறான், கூட்டம் கடைய எரிச்சிடுது. மூக்கி ஏன் அப்படி உடைச்சான்னு விவாதம் பண்றவங்க ரஹீம் செத்தத ஏன் அவ்ளோ சுளுவா தாண்டிப் போறாங்கன்னு எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

குறைனா பெண் கேரக்டர்கள்தான், மூக்கியோட காதலி டீனாவுக்கு கத்துறதத் தவிர பெருசா வேலை இல்ல. இந்தப் படம் ஆஸ்கர்ல சிறந்த படத்துக்கு நாமினேட்கூட ஆகல, அது பெரிய அநியாயம்.

கட்டாயம் பாருங்க, முடிஞ்சுதுன்னு நெனச்சு நடுவுல ஆஃப் பண்ணிடாதீங்க. மறுநாள் காலைல எரிஞ்ச கடை முன்னாடி மூக்கி வந்து சம்பளம் 250 டாலர் கேக்குறான், சால் நூறு டாலர் நோட்டா அஞ்ச கசக்கி அவன் மேல வீசுறாரு, இவன் ரெண்ட திருப்பி வீசுறான், ரெண்டு பேரும் தரைல கிடக்குற நோட்ட பார்த்துட்டு நிக்குறாங்க.