நான்கு டெசிபெல் செய்த குழப்பம்

படத்தின் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர், பழுதுபார்க்கப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அன்றிரவே பழைய புளூ-ரே வட்டு ஒன்றைப் போட்டேன். சுருக்கப்படாத பிசிஎம், இழப்பின்றிச் சுருக்கிய டால்பி ட்ரூஎச்டி என்று இரண்டு ஒலித்தடங்களும் உள்ள வட்டு அது. புளூ-ரே வந்த புதிதில் இப்படிச் சில வட்டுகள் வெளியாயின. பிசிஎம்மில் இடி வீட்டுக் கூரையிலேயே விழுந்தது. ட்ரூஎச்டிக்கு மாற்றினால் அதே இடி நாலு தெரு தள்ளிப் போய்விட்டது.

பிசிஎம்தான் உயர்ந்தது என்று ஏழு ஆண்டுகளாகக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு வித்தியாசம் இருக்கவே முடியாது. மடித்த கடிதத்தைப் பிரித்தால் எழுத்து குறைவதில்லை; ட்ரூஎச்டியும், அதே வகையைச் சேர்ந்த டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் அப்படித்தான், பிரித்தபின் ஒரு பிட்கூட மாறாது.

மெனுவைத் துருவினேன். பழுதுபார்த்தவர்கள் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒலி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் அமைப்பு 'ஆட்டோ'வில் இருந்தது. ட்ரூஎச்டி தடத்தோடு வரும் குறிப்பைப் படித்து, உரத்ததைத் தாழ்த்தி, மெல்லியதை உயர்த்தும் அமைப்பு. நள்ளிரவில் படம் பார்ப்பவருக்கு உதவும். கேட்காமலே போட்டுவைக்க இவர்கள் யார்? அணைத்தேன். இடி திரும்பி வந்தது, ஆனாலும் சற்றுத் தணிவாக.

அந்த மிச்சத்துக்குக் காரணம் டயல்நார்ம்: வசனத்தின் அளவைச் சொல்லி, ஒலியைச் சமன்செய்யத் தடத்தோடு வரும் இன்னொரு குறிப்பு. வசனத்தின் சராசரி அளவு -27 என்று தடத்தில் குறித்திருந்தால், அதை -31க்குக் கொண்டுவர ஒலி முழுவதும் 4 டெசிபெல் இறங்கும். பிசிஎம்மில் இந்தக் குறிப்பே கிடையாது. சற்று உரத்துக் கேட்பதையே நல்ல ஒலி என்று காது எடுத்துக்கொள்ளும். ஏழு ஆண்டுகளாக நான் உயர்ந்த தரம் என்று கொண்டாடியது இந்த 4 டெசிபெல்லைத்தான்.

அளவைச் சமன் செய்து, மகளிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தகரக் கூரையில் மழை பிடிக்கும் காட்சி: முதல் துளிகள் இடப்பக்கம் பின்னால் ஒவ்வொன்றாகத் தெறித்து, பிறகு தலைக்குமேல் கூடிவரும். பத்துமுறை மாற்றி மாற்றிப் போட்டாள். எது எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை.

வட்டில் பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் சுருக்கியதே நியாயம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், 5.1 (அதாவது ஆறு ஒலித்தடப் பிரிவுகள்) பிசிஎம் நொடிக்கு 6.9 மெகாபிட் கேட்கும். இரண்டு மணி நேரப் படத்துக்கு 6.2 ஜிபி. 25 ஜிபி வட்டில் அது படத்தின் தெளிவிலிருந்துதான் போக வேண்டும்.

பிளேயரிலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெனு ஒலிகளைப் படத்தின் ஒலியோடு கலக்கும் அமைப்பு இயங்கினால், பல பிளேயர்கள் ட்ரூஎச்டியை அனுப்பாமல் இழப்போடு சுருக்கும் பழைய டால்பி டிஜிட்டலையே அனுப்பும். ரிசீவரின் முகப்பில் 'ட்ரூஎச்டி' என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் அந்தச் சொல் முகப்பில் வராமலே நான் படம் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எதை வாங்கலாம் என்று கேட்ட நண்பரிடம், தடத்தைப் பார்க்காதே, படத்தைப் பார்த்து வாங்கு என்று சொல்லிவிட்டேன். நான் மட்டும் நேற்றும் பிசிஎம் தடத்தையே தேர்ந்தெடுத்தேன். எந்த மெனு எதைத் தாழ்த்துகிறதோ என்ற கவலையில்லாமல் மழையைக் கேட்க வேண்டியிருந்தது.