காதோடு ஒட்டியா, கம்பி வழியா, மேசை மேலா: கைபேசியில் பேசும் வழிகள் ஓர் ஒப்பீடு

பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவின் சேந்த் ஆந்த்ரேயில் வசிக்கும் என் பெரியம்மா, காரைக்காலில் இருக்கும் மகளோடு நாள்தோறும் ஒரு மணி நேரமாவது பேசாமல் உறங்கப் போவதில்லை. அண்மையில் அவர், பேசி முடிக்கும்போது கன்னமும் காதும் சூடேறிவிடுவதாகவும், இது மூளையைத் தாக்குமோ என்று அஞ்சுவதாகவும் சொல்லி, வேறு எந்த வழியில் பேசினால் நல்லது என்று கேட்டார். அவருக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சூடு பெரும்பாலும் மின்கலத்திலிருந்தும் கருவியின் உட்பாகங்களிலிருந்தும் வருவது. காதோடு அழுத்திப் பிடிப்பதால் தோலின் வெப்பம் வெளியேற முடியாமல் போவதும் ஒரு காரணம். கைபேசி வெளியிடும் ரேடியோ அலைகளுக்கு எக்ஸ் கதிரைப் போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் இல்லை. உடல் திசுக்களை அவை சிறிதளவு சூடாக்கும் என்பதே உறுதியாக நிறுவப்பட்ட விளைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாதத்தில் இவ்வலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் சேர்த்தது உண்மையே. சான்று போதுமான அளவில் இல்லாதபோதும் ஐயத்தை முற்றிலும் ஒதுக்க முடியாதவற்றுக்கான பிரிவு அது. அதன் பின், ஐரோப்பாவில் 2,60,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கண்காணித்து 2024-இல் வெளிவந்த காஸ்மோஸ் ஆய்வும், உலக சுகாதார நிறுவனம் கேட்டுப் பெற்று அதே ஆண்டில் வெளியான தொகுப்பாய்வும், கைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு எதையும் காணவில்லை. ஆகவே பெரியம்மா அஞ்ச வேண்டியதில்லை. எனினும் செலவோ சிரமமோ இல்லாமல் குறைத்துக்கொள்ள வழி இருக்கும்போது, அதைச் செய்வதில் தவறும் இல்லை.

முதலில், கடையில் எந்தக் கைபேசியை வாங்குவது என்ற கேள்வி. நம் தீவில் பிரெஞ்சுச் சட்டம் நடப்பதால், உடல் உறிஞ்சும் அலையாற்றலின் அளவு ஒவ்வொரு கருவியின் அருகிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தலைக்கும் உடற்பகுதிக்கும் ஒரு கிலோ திசுவுக்கு 2 வாட், கை கால்களுக்கு 4 வாட் என்பது வரம்பு. இந்த வரம்பு ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை ஐபோன் 12-ஐச் சோதித்தபோது கை கால் அளவு 5.74 வாட்டாக இருந்ததால் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. ஆயினும் 0.6 எழுதிய கருவி 1.2 எழுதியதைவிட இரு மடங்கு பாதுகாப்பானது என்று கொள்வது பிழையான கணக்கு. கருவியை முழுத் திறனில் இயக்கி எடுக்கப்படும் அளவு அது. அன்றாடப் பேச்சில் கருவி அவ்வளவு திறனில் இயங்குவது அரிது.

எவ்வளவு திறனில் இயங்கும் என்பதைத் தீர்மானிப்பது சிக்னல். 4ஜி கைபேசி அதிகபட்சம் சுமார் 0.2 வாட் வெளியிடும். பழைய 2ஜி உச்சத்தில் 2 வாட் வரை போகும், ஆனால் எட்டில் ஒரு பங்கு நேரமே அலை வெளியிடுவதால் சராசரி 0.25 வாட். டவர் அருகில் இருந்தால் கருவி தன் திறனைப் பன்மடங்கு குறைத்துக்கொள்ளும். நம் தீவின் சலாசி, மாஃபத் போன்ற மலைக்குழிகளில், செங்குத்துப் பாறைகள் டவரை மறைக்கும் இடத்தில், ஒற்றைக் கோடு சிக்னலோடு கைபேசியைக் காதில் அழுத்திப் பேசுவதே எல்லா வழிகளிலும் மோசமானது. விலை உயர்ந்த கருவியை மாற்றி வாங்குவதைவிட, நான்கு அடி நடந்து சன்னலருகே வந்து பேசுவதால் கிடைக்கும் பயன் பெரிது.

இனி, காதிலிருந்து கருவியைத் தள்ளி வைக்கும் வழிகள். கம்பி இயர்போனும் ஸ்பீக்கரும் தூரத்தையே நம்புகின்றன. தலையிலிருந்து 30 அல்லது 40 செ.மீ. தள்ளியிருந்தாலே தலை பெறும் அலை மிகவும் குறைந்துவிடுகிறது. ஸ்பீக்கருக்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டாம். ஆனால் குடும்பப் பேச்சைப் பேருந்து முழுவதும் கேட்கச் செய்வது முறையன்று. கம்பி இயர்போன் அந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் கருவியைச் சட்டைப் பையிலோ இடுப்பிலோ செருகிக்கொண்டு பேசினால், தலைக்குக் குறைந்தது உடலுக்குக் கூடுகிறது. அதை மேசையில் வைக்க வேண்டும். புளூடூத் இயர்போன் தானே அலை வெளியிடுகிறது என்பதால் பலர் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள். பெரும்பாலானவற்றின் திறன் சில மில்லிவாட் மட்டுமே. கைபேசியின் உச்சத் திறனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கம்பியை விரும்பாதவர்களுக்கு அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் வைஃபை இருந்து, சிக்னல் மட்டும் நலிந்திருந்தால், வாட்ஸ்அப் வழியே பேசுவதும் நல்ல மாற்றுத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஐரோப்பிய வரம்பு 0.1 வாட், அதாவது 4ஜி உச்சத்தில் ஏறக்குறையப் பாதி.

கதிரைத் தடுக்கும் என்று விற்கும் ஒட்டுவில்லைகளையும் உறைகளையும் நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். அவை ஆன்டெனாவை மறைத்தால், டவரை எட்டுவதற்காகக் கருவி தன் திறனைக் கூட்டவே செய்யும். இத்தகைய பொருள்களை விற்றவர்கள் மீது அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2002-லேயே நடவடிக்கை எடுத்தது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களிடம் அச்சத்தைக் காட்டி இவற்றை விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மேலே சொன்ன எந்த வழியும் வண்டி ஓட்டும்போது பொருந்தாது. கைபேசியைக் கையில் பிடிப்பது மட்டுமன்றி, கம்பியோ புளூடூத்தோ எந்த இயர்போனையும் காதில் அணிந்து ஓட்டுவதற்கு 2015 ஜூலை 1 முதல் இங்கே தடை உண்டு. தண்டம் 135 யூரோ, உரிமத்தில் 3 புள்ளிகள் கழியும். கைபேசியால் உறுதியாக அறியப்பட்ட பெருந்தீங்கு சாலையில்தான் நேர்கிறது என்பதால், தமரின் நெடுஞ்சாலையில் அழைப்பு வந்தால், அதிலிருந்து வெளியேறி வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் பேசும்படி என் மருமகன்களிடம் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்குக் கம்பி இயர்போனையே பரிந்துரைத்தேன். கைபேசியோடு அதைச் சேர்த்துத் தர வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் விதித்திருந்தது. 2021-இல்தான் அது தளர்த்தப்பட்டது. அவருடைய பழைய கருவியின் பெட்டியில், உறை பிரிக்கப்படாமலே ஒன்று கிடந்தது. இப்போது கைபேசி சன்னல் விளிம்பில் இருக்கிறது. அவர் நாற்காலியில் அமர்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே காரைக்காலோடு பேசுகிறார்.