ஆதிமனிதர் தோண்டும் பெட்டி: கட்டி நல்லம், புத்தகம் சரியில்லை

நவராத்திரி, தீபாவளி என்று இந்த நாட்களில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மழையும் தொடங்கிவிட்டால் வெளியில் விளையாட விடவும் முடியாது. அதனால் மட்டக்களப்பு டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கண்ட இந்தத் தோண்டும் பெட்டியை அண்ணாவின் மகனுக்கு வாங்கினேன். விலை மூவாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. பட்டாசுக்குப் போகிற காசைப் பார்த்தால் மோசமில்லை.

உள்ளே செங்கல் அளவில் ஒரு பிளாஸ்டர் கட்டி, குட்டிச் சுத்தியல், மரக்குச்சி, பிரஷ், ஒரு படப்புத்தகம். கட்டிக்குள் கற்கோடாரி, அம்புமுனை, எலும்பு, மண்டையோடு, எல்லாமே பிளாஸ்டிக். இதில் கட்டிதான் அருமை. லேசில் இளகாது, ஓங்கி அடித்தால் உள்ளே இருப்பது உடைந்துவிடும், ஆகவே சுரண்டி, பிரஷால் தட்டி, திரும்பவும் சுரண்டி என்று பின்னேரம் முழுக்க போனைக் கேட்காமல் இருந்தான். கொடுத்த காசு அதற்கே சரி. தூசிதான் தொல்லை. விறாந்தையில் சாக்கை விரித்து, கட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மாஸ்க்கும் போட்டுவிடுங்கள். புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

புத்தகத்தில் இருப்பது பனி, மயிர் யானை, தோல் போர்த்திய மனிதர், பக்கத்திலேயே ஒரு டைனோசர்! "மாமி, இவங்க டைனோசரையும் வேட்டையாடினவங்களா?" என்று கேட்டான், கேட்கத்தானே செய்வான். டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 இலட்சம் வருடம், நம்மைப் போன்ற மனிதர் தோன்றி 3 இலட்சம் வருடமளவில்தான். பிள்ளைக்கு விற்கிற சாமானில் இது பெரிய பிழை.

அதைவிட எரிச்சல், ஆதிமனிதர் என்றாலே பனிக்குள் இருந்தவர்கள் என்று பிள்ளை நினைத்துவிடுவது. நம் இலங்கையிலேயே, களுத்துறை மாவட்டத்து பாகியன்கல குகையில் வாழ்ந்தவர்கள் மழைக்காட்டுக்காரர். குரங்கும் அணிலும் பிடித்துத் தின்றார்கள், குரங்கெலும்பைத் தீட்டி முனை செய்தார்கள். அங்கே கிடைத்த எலும்பு முனைகளில் சில சுமார் 48,000 வருடப் பழசு, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு பாவித்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று என்று 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதோடு படிகக் கல்லில் நகமளவுக் கருவிகள், கோர்த்துப் போட மணிகள். இதைச் சொன்னதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டான், சரஸ்வதி பூசைக்குப் பாடப்புத்தகங்களோடு அந்தக் கற்கோடாரியையும் கும்பத்தடியில் வைத்தான். ஆயுதம்தானே, யாரும் தடுக்கவில்லை.

அப்புறம் மட்டக்களப்பு மாவட்டத்துக் கதிரவெளியில் பெருங்கற்கால ஈமக்குழிகள், அதாவது பெரிய கற்களை வைத்து அமைத்த பழைய கல்லறைகள், இருப்பது தெரிந்து அங்கே போய்த் தோண்டுவோமா என்று பிடித்துக்கொண்டான். பெயரில் கற்காலம் இருந்தாலும் அவை கற்காலத்துக்கு வெகு பிந்தியவை, அதோடு 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடி மண்ணைக் கிளறவே கூடாது. இப்படி ஒரு எச்சரிக்கையும் பெட்டியில் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

வாங்கலாம், புத்தகத்தை எடுத்து ஒளித்துவிட்டுக் கொடுங்கள். ஆறு வயதுக்குக் கீழ் வேண்டாம், அம்புமுனை வாய்க்குள் போகிற அளவு.