தேர்வுக்கு முன் எது கைகொடுக்கும்: சூயிங் கம், காப்பி, மெதுவான மூச்சு

தேர்வறைக்குள் நுழையவிருக்கும் மாணவருக்கும் இரவுப் பணியில் கண் சொக்கும் ஊழியருக்கும் சூயிங் கம்மைப் பரிந்துரைப்பவர்கள், அது கவனத்தைக் கூர்மையாக்கும், மன அழுத்தத்தையும் குறைக்கும் என்று இரண்டு பயன்களைச் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் தூக்கக் கலக்கத்தை விரட்டுவதும் படபடப்பைத் தணிப்பதும் உடலுக்குள் ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் நடப்பவை. எனவே சூயிங் கம்மை ஒரு புறம் காப்பியோடும் மறு புறம் மெதுவான மூச்சுப் பயிற்சியோடும் ஒப்பிட்டால்தான், அதனால் எது ஆகும், எது ஆகாது என்பது விளங்கும்.

நினைவாற்றல் பற்றிய பேச்சு பெரிதும் 2002-இல் பிரிட்டனின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஷோலி குழுவினர் 75 பேரிடம் நடத்திய சோதனையிலிருந்து பரவியது. சூயிங் கம் மென்றவர்கள், வெறும் வாயை மெல்வதுபோல் அசைத்தவர்கள், எதையும் மெல்லாதவர்கள் என மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தபோது, மென்றவர்கள் சொற்பட்டியலை அதிகம் நினைவுகூர்ந்தார்கள். எனினும் 2004-இல் டூக்கா குழுவினர் செய்த சோதனையில் இந்த நினைவாற்றல் பலன் தென்படவில்லை. இந்த முரணுக்கு ஓரளவு விளக்கம் தருவது, 2011-இல் அமெரிக்காவின் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓனிப்பர் குழுவினர் செய்த ஆய்வு என்று கருதுகிறேன். சோதனைக்கு முன் ஐந்து நிமிடம் மென்று துப்பிவிட்டவர்கள் தொடக்கத்தில் 15-20 நிமிடங்கள் வரை மேம்பட்டுச் செயல்பட்டார்கள்; சோதனை முழுவதும் மென்றுகொண்டே இருந்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. தாடைத் தசைகளின் அசைவு இதயத் துடிப்பைச் சற்றே உயர்த்தி உடலை விழிக்கச் செய்கிறது. அதே அசைவு வேலையின் நடுவிலும் தொடர்ந்தால் மூளையின் கவனத்தில் ஒரு பங்கு அதற்கும் போய்விடுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

மன அழுத்தம் பற்றிய சான்றுகள் இதைவிடவும் சிக்கலானவை. 2009-இல் ஷோலி குழுவினர் 40 பேரை ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யவைத்துப் பார்த்தபோது, மென்றவர்களிடம் பதற்றமும், உமிழ்நீரில் கார்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பின் அளவும் குறைந்திருந்தன. அடுத்த ஆண்டே கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஆண்டி ஸ்மித் வெளியிட்ட ஆய்வில், மென்றவர்களின் இதயத் துடிப்பும் கார்டிசாலும் உயர்ந்திருந்தன. அதை அவர் விழிப்புநிலை கூடியதன் அடையாளமாகக் கண்டார். கார்டிசால் அச்சத்தின்போது மட்டுமன்றி, காலையில் கண் விழிக்கும்போதும் இயல்பாகவே உயரும் சுரப்பு என்பதால் அந்த விளக்கம் பொருத்தமானதே. இத்துறை ஆய்வுகள் சிலவற்றுக்கு சூயிங் கம் தயாரிப்பு நிறுவனமான ரிக்லியே நிதியளித்திருப்பதையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், விழிப்பு கூடும் என்ற முடிவு பல ஆய்வுகளில் ஒத்துப்போகிறது. அழுத்தம் குறையும் என்ற முடிவு ஒத்துப்போகவில்லை.

விழிப்பு மட்டுமே தேவை என்றால் காப்பி இன்னும் வலிமையானது. களைப்பை உணர்த்தும் அடினோசின் மூளையில் ஒட்டும் இடங்களைக் காப்பியிலுள்ள கஃபீன் அடைத்துவிடுகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழிந்தும் அதில் பாதி உடலில் தங்கியிருக்கும். நெடிய இரவுப் பணிக்கு இது வசதி. ஆனால் மாலையில் குடித்தால் அன்றைய உறக்கத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே நெஞ்சு படபடக்கும் மாணவருக்கோ அது படபடப்பைக் கூட்டவே செய்யும் என்பதால், பதற்றக்காரர்களுக்குத் தேர்வுக் காலையில் இரண்டாவது தம்ளர் காப்பியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பதற்றத்தைத் தணிப்பதில் மூச்சே முந்துகிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் நூற்றுக்கு மேற்பட்டோரை ஒரு மாதம், நாளுக்கு ஐந்து நிமிடம் வெவ்வேறு மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் செய்யவைத்தார்கள். இருமுறை தொடர்ந்து மூக்கால் இழுத்து, பின் வாயால் நீளமாக வெளிவிடும் முறையைப் பின்பற்றியவர்களின் மனநிலையே மிகுதியாக மேம்பட்டது. மூச்சை வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு இயல்பாகவே தாழ்கிறது. செலவில்லாத இந்த முறையின் குறை, தூங்கி வழிபவரை அது எழுப்பாது என்பதுதான்.

ஆகவே, படித்துப் படித்துக் களைத்துத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் மாணவர், தேர்வறைக்கு வெளியே சர்க்கரையில்லாத சூயிங் கம்மை ஐந்து நிமிடம் மென்று குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகலாம். கை நடுங்குபவர் அதே ஐந்து நிமிடத்தை மூச்சுக்குக் கொடுக்கட்டும். தாடை மூட்டில் வலி உள்ளவர்கள் சூயிங் கம்மைத் தவிர்ப்பது நல்லது.

நம் ஊர்களில் இந்த மூன்றுக்கும் போட்டியாக நான்காவதொன்று பெட்டிக்கடைகளில் தொங்குகிறது. இரவு வண்டி ஓட்டுபவர்களும், வேதனையாக இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளும் வாங்கி மெல்லும் பாக்குப் பொட்டலம்தான் அது. பாக்கிலுள்ள அரிகோலின் விழிப்பைத் தருவது உண்மையே. ஆயினும் புகையிலை கலக்காத வெறும் பாக்கையே, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியுள்ளது. தொடர்ந்து மெல்பவர்களின் வாய்த்திசு தடித்து இறுகி, வாயைத் திறக்கவே முடியாமற்போகும் நோயும் அதனால் வருகிறது. மெல்வதற்கு ஏதேனும் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையின் கையில் பாக்குப் பொட்டலத்துக்குப் பதிலாகச் சூயிங் கம் இருப்பதை நான் மனமார வரவேற்பேன்.