தேன்குழல் அச்சும் ஒளியிழையும்

அண்ணன் மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். "சித்தப்பா, சிறப்பு ஒளியிழை செய்ய எந்த முறை நல்லது?" என்று கேட்டாள். ஒளியிழை என்பது ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை (ஆப்டிகல் ஃபைபர்). வளவில் உட்கார்ந்து பேசினோம். பேச்சு பலகாரத் தட்டுக்குப் போய்விட்டது.

இழுக்கிற வேலை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணாடித் தண்டை உயரத்தில் தொங்கவிட்டு, உலையில் இளக்கி, பெரும்பாலும் 125 மைக்ரான் தடிமனுக்கு இழுத்துப் பூச்சுக் கொடுப்பார்கள். தண்டின் குறுக்குவெட்டில் இருப்பதுதான் சுருங்கி இழையில் வரும். ஆகவே போட்டி முழுக்க அந்தத் தண்டை, அதாவது ப்ரீஃபார்மை, எப்படிச் செய்வது என்பதில்தான்.

முதலில் எம்.சி.வி.டி., அதாவது ஆவியிலிருந்து குழாய்க்குள் கண்ணாடியைப் படியவைக்கும் முறை. 1974-இல் பெல் ஆய்வகத்தார் வெளியிட்டது. சுழலும் சிலிக்கா குழாய்க்குள் சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியையும் ஆக்ஸிஜனையும் விட்டு, வெளியே தீச்சுடரை நகர்த்தினால் உட்சுவரில் கண்ணாடி அடுக்கடுக்காகப் படியும். மிகச் சுத்தம். ஆனால் ஒளிபெருக்கி இழைக்கு எர்பியம் என்ற உலோகத்தைச் சேர்க்க வேண்டும்; அதன் உப்பு எளிதில் ஆவியாகாது. அதற்காகக் கடைசி அடுக்கை உருக்காமல் நுண்துளைத் தூளாகவே விட்டு, எர்பியம் கரைசலில் ஊறவைத்து, குளோரினால் ஈரம் போக்கி, பிறகு உருக்குவார்கள். கடைசியில் 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் குழாய் சுருங்கித் தண்டாகிவிடும். சீராக ஊறாவிட்டால் ஒரு முனையில் எர்பியம் கூடும், மறுமுனையில் குறையும். மாவடு போட்ட வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த வழியில் எர்பியம் இழை செய்திருக்கிறது.

அடுத்தது அடுக்கி இழுப்பது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனான நுண்குழல்களை அறுகோணமாக அடுக்கி, நடுவில் மட்டும் துளையில்லாத குச்சியைச் செருக வேண்டும். இயற்பியலாளர் ஃபிலிப் ரஸ்ஸலின் குழு 1996-இல் காட்டிய வழி இது. ஒளியைத் துளைகளே நடுவில் அடைத்து வைப்பதால், அதற்காக வழக்கமாக நடுப்பகுதியில் சேர்க்கும் ஜெர்மானியம் தேவையில்லை. ஆனால் முழுக்கக் கைவேலை. ஒரு தூசி போதும், கெட்டது. இழுக்கும்போது உள்ளழுத்தம் தவறினால் துளைகள் மூடிக்கொள்ளும்.

மூன்றாவது நம் தேன்குழல். இளகிய கண்ணாடியை அச்சு வழியே பிழிவது. எந்த வடிவத் துளையும் வரும். சிலிக்காவின் சூட்டை அச்சு தாங்காது என்பதால் டெல்லூரைட், ஃபுளோரைடு போன்ற மென்கண்ணாடிகளுக்குத்தான் பொருந்தும். அச்சின் கீறலும் அழுக்கும் கண்ணாடியில் ஒட்டும். ஃபுளோரைடு சூடு தவறினால் படிகமாகிப் பாழாகும். சிலிக்கா சரியாகக் கடத்தாத, 2 மைக்ரான் அலைநீளத்தைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளி தேவையில்லை என்றால் நான் இந்தப் பக்கமே போகமாட்டேன்.

ஒளிபெருக்கி வேண்டுமா, கண்ணை மூடிக்கொண்டு முதலாவது என்றேன். "சரி, எர்பியமும் வேணும், சுத்தித் துளையும் வேணும்னா?" என்றாள். எம்.சி.வி.டி.யில் தண்டு செய்து, வெளிச்சுவரைத் தேய்த்தெடுத்து, மெல்லிய குச்சியாக இழுத்து, அடுக்கின் நடுவில் செருக வேண்டியதுதான்.